மஞ்சளடித்த எலுமிச்சை மரமும் ஒரு கிறிஸ்துமஸ் ஜாடியும்

ஹோபார்ட்
2 செப்டம்பர் 1984

அன்புள்ள நொயெலீனுக்கு,

நானும் என் இடது முழங்காலும் எங்கள் தீவின் குளிர்காலத்தை ஒருவழியாகத் தாண்டிவிட்டோம். பூனை என்னைவிட நன்றாக இருக்கிறது. ஜிம்பியில் நீயும் என் தம்பியும், உங்கள் மகள் ஷரினும் அவள் கைக்குழந்தையும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா?

கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனையோ நாள் இருக்கிறதே என்பாய். நாம் பானம் கலக்கும் ஜாடிக்கு அப்படி இல்லை. உன் புழக்கடைக் காட்டு எலுமிச்சையை இப்போது விட்டால் பிறகு கிடைக்காது. வழக்கம்போல் பறித்துப் பிழிந்து ஐஸ்கிரீம் டப்பாக்களில் உறைய வைத்துவிடு. தோலைத் தூக்கிப் போடாதே. வெள்ளைச் சதை ஒட்டாமல் சீவிச் சர்க்கரையில் புதைத்து வை, வாசனை முழுக்க அதில்தான் இருக்கிறது. ஆரஞ்சு டிசம்பரில் கடையில் வாங்கிக்கொள்ளலாம். புதினா உன் குழாயடியில் காடாகக் கிடக்கும். வாசனைக்கு ரோஸ்மேரிச் செடி வேலியோரத்தில் இருக்கிறது. ஜின் இரண்டு பாட்டில், எப்போதும்போல் என் பெட்டியில் வரும். சாப்பாடு முடிந்து ஆண்கள் ஒவ்வொருவராக எலுமிச்சை மரத்தடிக்குப் போய்வர, நாம் சமையலறைத் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு சிரிக்க, அப்போதுதான் எனக்குக் கிறிஸ்துமஸ் வந்ததாக அர்த்தம்.

இதையெல்லாம் போன ஞாயிறு போனிலேயே சொல்ல நினைத்தேன். நீ முந்திக்கொண்டாய். "இந்த வருஷம் ஜாடியெல்லாம் எதுக்கு பெரில், இஞ்சி சோடாவே போதுமே" என்றாய். இஞ்சி சோடா என்ன, பிரசவித்தவளுக்குக் கொடுப்பதா? டெஸ்ஸைக் கூப்பிடு என்றால் குளிக்கிறார் என்றாய். அதற்கு முந்தின தடவையும் குளித்துக்கொண்டிருந்தான். அதற்கு முந்தின தடவையும். என் தம்பி எப்போது இவ்வளவு சுத்தக்காரன் ஆனான்?

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் ஊரார் பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருந்தவள் நான். குரலில் ஏதாவது ஒளிந்திருந்தால் எனக்குக் காது அரிக்கும். இப்போது அரிக்கிறது.

குழந்தைக்கு முத்தம்.
காது இன்னும் கூர்மையாக உள்ள,
பெரில்


ஜிம்பி
19 செப்டம்பர்

அன்புள்ள பெரிலுக்கு,

உங்கள் முழங்காலுக்குச் சூடான ஒத்தடம் கொடுக்கிறீர்களா? இங்கே எல்லோரும் சுகம். குழந்தைக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது, கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறாள். வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. தேரைகள் வாசல் விளக்கடிக்கு வந்து உட்காருகின்றன.

டெஸ் நன்றாகத்தான் இருக்கிறார். மரமில்லில் வேலை அதிகம். வியாழக்கிழமை சாயங்காலம் சர்ச் ஹாலில் வேறு ஒரு வேலை இருக்கிறது. அதனால்தான் போன் பேச நேரம் கிடைப்பதில்லை. நீங்களாக எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம்.

எலுமிச்சைதான் இந்த வருஷம் ஏமாற்றிவிட்டது. அடி இலையெல்லாம் மஞ்சளடித்து உதிர்கிறது. பழமும் சிறுத்துப்போய், பிழிந்தால் ஒரு டப்பாகூடத் தேறவில்லை. பூச்சி எதுவும் தெரியவில்லை. தண்ணீரும் விடுகிறேன். என்ன உரம் போடலாம் என்று உங்களுக்குத் தெரியுமா?

ரோஸ்மேரிச் செடியையும் எடுத்துவிட்டேன். வேர் அழுகல். ஆக, இரண்டுமே இல்லாமல் ஜாடி எப்படி நன்றாக வரும்? இந்த ஒரு வருஷம் விட்டுவிடுவோமே.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.
அன்புடன்,
நொயெலீன்


ஹோபார்ட்
30 செப்டம்பர்

அன்புள்ள நொயெலீனுக்கு,

ஒத்தடம் கொடுத்தாகிவிட்டது, முழங்கால் வாயை மூடிக்கொண்டது. உன் கடிதம்தான் தூங்கவிடவில்லை.

சர்ச் ஹாலில் டெஸ்ஸுக்கு என்ன வேலை? அவனை ஞானஸ்நானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனவள் நான். அன்றைக்கு அவன் போட்ட கூச்சலில் பாதிரியார் பாதி ஜெபத்தை முழுங்கினார். அதற்குப் பிறகு உன்னைக் கல்யாணம் செய்யத்தான் உள்ளே காலெடுத்து வைத்தான், அதுவும் அவன் கூட்டாளி கிளாரி பின்னாலிருந்து தள்ளியதால். அப்படிப்பட்டவன் வாராவாரம் போகிறான், நீ அதை வானிலை அறிக்கைபோல் இரண்டு வார்த்தையில் எழுதுகிறாய்.

ரோஸ்மேரிக்கு வேர் அழுகலா? கல்லில் வைத்தாலும் பிழைக்கிற செடி அது. போரில் இறந்தவர்களை நினைக்கிற ஆன்சாக் தினத்துக்குத் தெருவே வந்து அதில் ஒரு கொத்து ஒடித்துச் சட்டையில் குத்திக்கொண்டு போகுமே. கொரியப் போரிலிருந்து திரும்பின வருஷம் டெஸ் தன் கையால் நட்டது. அதைப் பிடுங்க உனக்கு எப்படி மனம் வந்தது? அவன் ஒன்றும் சொல்லவில்லையா? எனக்குத் தெரிந்த டெஸ் வீட்டைத் தலைகீழாக்கியிருப்பான்.

நீ பொய் சொல்கிறாய் என்று எழுதமாட்டேன். ஏதோ ஒன்றைச் சமையலறைத் துணியால் மூடி வைத்திருக்கிறாய். ஓரத்தில் வால் தெரிகிறது.

டெஸ்ஸை எனக்கு நாலு வரி எழுதச் சொல். கையெழுத்தைப் பார்த்தால் போதும்.

பெரில்


ஜிம்பி
22 அக்டோபர்

அன்புள்ள பெரிலுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். எல்லோரும் சுகம், நீங்களும் சுகமாக இருக்கவேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது. மரத்துக்குக் கடையில் உரம் வாங்கிப் போட்டேன், இன்னும் பலன் தெரியவில்லை. டெஸ் உங்களை விசாரித்தார். எழுதத்தான் அவருக்குக் கை வராது, உங்களுக்கே தெரியும்.

கிறிஸ்துமஸ் அன்று ஷரின் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று யோசனை. சின்ன வீடு. யார் யாரைக் கூப்பிடுவது என்று இன்னும் முடிவாகவில்லை.

நொயெலீன்


ஹோபார்ட்
3 நவம்பர்

நொயெலீனுக்கு,

நான் சுகம். நீ சுகமாக இருக்கிறாயா என்று எனக்குத் தெரியவில்லை, அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கடிதம்.

குழந்தைக்குக் காய்ச்சல் என்பதை நம்புகிறேன். மற்ற எதையும் நம்பவில்லை.

மரத்துக்கு என்ன உரம் என்று கேட்டிருந்தாய். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்த மரம் இதுநாள்வரை கடை உரத்தைக் கண்டதே இல்லை. அதை வளர்த்தவன் டெஸ். சாயங்காலம் பின்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பீர் குடிப்பான். வீட்டுக்குள் கழிப்பறை இருக்க, எழுந்துபோய் மரத்தடியில் ஒன்றுக்குப் போவான். இந்த நாட்டில் எந்த வீட்டு எலுமிச்சைதான் வேறு மாதிரி வளர்கிறது? எங்கள் அப்பாவும் அப்படித்தான், உங்கள் அப்பாவும் அப்படித்தான். அந்த மரம் இப்போது பட்டினி கிடந்து மஞ்சளடிக்கிறது. அப்படியென்றால் சாயங்காலங்களில் டெஸ் அந்த வீட்டில் இல்லை.

இதை மனதுக்குள் வைத்துக் குமையப் பிடிக்கவில்லை. கிளாரிக்குப் போன் போட்டேன்.

"டெஸ் எப்படி இருக்கான் கிளாரி?" என்றேன்.

"அதை நீதான் எனக்குச் சொல்லணும் பெரில் கண்ணு. ஈஸ்டர் கழிஞ்சதுலேர்ந்து பவுல்ஸ் கிளப் பக்கமே ஆளைக் காணோம். ஒரு பீர் நான் வாங்கித் தர்றேன் வாடான்னாலும் வரமாட்டேங்கிறான். ரோட்டுல பாத்தா தலைய ஆட்டிட்டுப் போயிடுறான். துரை பெரிய மனுஷனாயிட்டாரு."

"வீட்டுக்குப் போய்ப் பாக்கறதுதானே?"

"போகாம என்ன? நொயெலீன் வாசல்லயே நிறுத்திட்டா. தூங்குறாருன்னா. பொழுது சாயறதுக்கு முன்னாடி எவன் தூங்குவான், சொல்லு? எனக்கென்னமோ அந்த வீட்டுல காத்து மாறி அடிக்குதுன்னு தோணுது."

எனக்குக் குளிக்கிறான், கிளாரிக்குத் தூங்குகிறான். நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் சொல். டெஸ் உன்னை விட்டுப் போய்விட்டானா? அந்தச் சர்ச் ஹாலுக்குப் பக்கத்தில் யார் வீடு இருக்கிறது? தவறு அவனுடையது என்றால் நான் உன் பக்கம்தான் நிற்பேன், தம்பி என்று பார்க்கமாட்டேன். நீ அவனை வெளியே அனுப்பியிருந்தால் அதையும் சொல்லிவிடு.

பெரில்


ஜிம்பி
12 நவம்பர்

பெரிலுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன்.

டெஸ் இந்த வீட்டில்தான் இருக்கிறார். என் பக்கத்தில்தான் தூங்குகிறார். அவர் குறட்டையை உங்களுக்குப் பார்சலில் அனுப்ப வழியிருந்தால் அனுப்புவேன். வேறு பெண்ணும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கிளாரியிடம் என் வீட்டைப் பற்றி நீங்கள் கேட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இனி ஊர் முழுக்கப் பேசும். அதைத்தான் நான் இத்தனை மாதமாகத் தடுத்துக்கொண்டிருந்தேன்.

வேறொன்றும் என்னால் சொல்ல முடியாது. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும். இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஜின் இல்லாமல், ஜாடிப் பேச்சே இல்லாமல் வருவதானால் வாருங்கள். இல்லையென்றால் இந்த ஒரு வருஷம் வராதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கோபத்தோடும் எழுதலாம், எழுதுகிறேன்.

நொயெலீன்


ஹோபார்ட்
19 நவம்பர்

நொயெலீனுக்கு,

என் உடம்பை நான் பார்த்துக்கொள்கிறேன். மனசுதான் சரியில்லை. வராதே என்று நீ எழுதிய வரியைத் திரும்பப் படிக்கும்போதெல்லாம் யாரோ என் முகத்தில் கதவைச் சாத்துவதுபோல் இருக்கிறது.

அந்த ஜாடி எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது. நீ அப்போது இந்தக் குடும்பத்துக்கு வரவில்லை. டெஸ் கொரியாவிலிருந்து வந்தான். வந்தவன் பேசவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டான், படு என்றால் படுத்தான். அம்மா ஏற்கெனவே போய்விட்டாள். அப்பாவுக்கு இதெல்லாம் புரியாது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருந்ததையெல்லாம் போட்டு ஒரு பானம் கலந்தேன். காட்டு எலுமிச்சை, ஆரஞ்சு, புதினா, அப்பா ஒளித்து வைத்திருந்த ஜின். அவன் ஒரு கிளாஸ் குடித்தான். இன்னொன்று குடித்தான். பிறகு எலுமிச்சை விதை மூக்கில் ஏறிச் சிரித்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் தம்பி சிரித்தான், நொயெலீன். நான் புழக்கடைக்கு ஓடிப்போய் அழுதேன். அன்றிலிருந்து ஒரு கிறிஸ்துமஸ் விட்டதில்லை.

அந்த ஜாடியைத்தான் நீ வேண்டாம் என்கிறாய். காரணமும் சொல்லமாட்டேன் என்கிறாய். அவனுக்கு என்மேல் இருக்கிற பிரியம் உனக்கு ஆகவில்லையா? எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

டிக்கெட் வாங்கிவிட்டேன். டிசம்பர் 22ஆம் தேதி வருகிறேன். ஜின்னும் வரும். கதவைச் சாத்துவதானால் என் முகத்தைப் பார்த்துச் சாத்து.

பெரில்


ஜிம்பி
29 நவம்பர்

அன்புள்ள பெரிலுக்கு,

நீங்கள் நலமாக இருக்கவேண்டும். இதைப் படித்து முடித்த பிறகும் நலமாக இருக்கவேண்டும்.

வாக்கை மீறுகிறேன். டெஸ் மில்லுக்குப் போயிருக்கிறார்.

ஏப்ரலில், ஆன்சாக் தினத்தன்று, விடியற்கால அஞ்சலிக்குப் போனார். சட்டையில் நம் வேலி ரோஸ்மேரி. பிறகு கிளப். ஊரிலுள்ள பழைய சிப்பாய்கள் எல்லோரும் விடியலிலிருந்தே குடிக்கிற நாள், உங்களுக்குத் தெரியாததில்லை. மத்தியானம் காரை அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். வீட்டு முற்றத்தில் காரைப் பின்னால் எடுத்தார். அங்கே ஷரின் குழந்தையின் தள்ளுவண்டி நின்றது. நசுங்கியது.

குழந்தை அதில் இல்லை. பால் கொடுக்க ஷரின் அப்போதுதான் தூக்கிக்கொண்டு உள்ளே வந்திருந்தாள். ஆனால் அது அவருக்குத் தெரியாது. சத்தம் கேட்டு இறங்கிப் பார்த்து, சக்கரத்தின் அடியில் குழந்தையின் போர்வையைப் பார்த்தார். அவர் போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் குழந்தையைக் கொண்டுவந்து கையில் கொடுக்கும்வரை நிறுத்தவில்லை. குனிந்து அழுதபோது அந்த ரோஸ்மேரி குழந்தையின் முகத்தில் உரசியது. அடுத்த நாள் அந்தச் செடியைப் பிடுங்கியது நான். வேர் நன்றாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து ஒரு சொட்டு தொடவில்லை. வியாழக்கிழமை சர்ச் ஹாலில் குடியை விட்டவர்கள் கூடுகிறார்கள். டீயும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். கிளப்புக்குப் போவதில்லை. ஒருத்தன் வாங்கித் தருவதை வேண்டாம் என்றால் அங்கே அது அவன் கையைத் தட்டிவிட்ட மாதிரி. பின்பக்கம் நாற்காலி போடுவதும் இல்லை. மரத்தைப் பற்றி நீங்கள் சரியாகத்தான் சொன்னீர்கள். எனக்குத்தான் தோன்றவில்லை.

எல்லோரையும் சமாளித்துவிடுவார், உங்களைத் தவிர. "அக்காகிட்ட சொல்லாத. குரலைக் கேட்டா கண்டுபிடிச்சிடுவா, போன்ல என்னைக் கூப்பிடாத. அவ ஜாடிய நான் வேணாம்னா அவளையே வேணாம்னு சொன்ன மாதிரி ஆயிடும். அவ ஊத்திக் குடுத்தா நான் குடிச்சிடுவேன்டி. அதான் பயமா இருக்கு" என்றார். உங்கள் பெரியப்பா மகன் பெர்ஸ் குடியை விட்டபோது நீங்கள் மேஜையில் எல்லோர் முன்னாலும் அவருக்குப் பால் புட்டியில் தண்ணீர் வைத்த கதையும் அவருக்கு மறக்கவில்லை.

நீங்கள் அன்று அவரைச் சிரிக்க வைத்தீர்கள். அதற்கு நானும் உங்களுக்குக் கடன்பட்டவள். ஆனால் அதற்குப் பிறகு அவருக்குச் சிரிக்க வேறு வழியே தெரியவில்லை, பெரில்.

கிறிஸ்துமஸுக்கு மேஜையில் அந்த ஜாடி இருந்தால், கிளாரியும் மற்றவர்களும் கையில் திணித்தால், இத்தனை மாதமும் ஒரே மத்தியானத்தில் போய்விடும். நான் உங்களை வெறுக்கவில்லை. பயப்படுகிறேன்.

நொயெலீன்


ஹோபார்ட்
8 டிசம்பர்

அன்புள்ள நொயெலீனுக்கு,

நான் நலமாக இல்லை, அது நியாயமும்தான். குழந்தை நலமாக இருக்கிறாள் என்பதே போதும்.

உன் கடிதம் வந்ததிலிருந்து பேனாவைத் தொட முடியவில்லை. பெர்ஸின் பால் புட்டியை நான் மறந்தே போயிருந்தேன். டெஸ் மறக்கவில்லை என்பதுதான் என்னைக் கொன்றுவிட்டது. என் தம்பி என்னைப் பார்த்துப் பயப்படுகிறான். எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டேன், உன்னை, அவனை, அந்தச் சர்ச் ஹால் பக்கத்து வீட்டுக்காரியை. என்னைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

நான் வருகிறேன். விருந்து உன் வீட்டிலேயே நடக்கட்டும். ஜாடி மேஜைமேல் இருக்கும். இரண்டு பாட்டிலும் வரும். கிளாரியைக் கட்டாயம் கூப்பிடு. தேறிய கொஞ்சம் சாற்றையும் சர்க்கரையில் கிடக்கும் தோலையும் பத்திரமாக வை. ரோஸ்மேரி நான் கொண்டுவருகிறேன், அந்தச் செடி என்ன பாவம் செய்தது?

ஏன் என்று கேட்காதே. இத்தனை மாதம் நீ எனக்குச் சொல்லாமல் இருந்தாய். இப்போது என் முறை.

டெஸ்ஸிடம் எனக்குத் தெரியும் என்று மூச்சுவிடாதே.

பெரில்


ஜிம்பி
14 டிசம்பர்

பெரில்,

எல்லாம் சொன்ன பிறகும் பாட்டிலோடு வருவேன் என்கிறீர்களா? உங்களிடம் சொன்னது என் தப்பு. பாட்டில் என் வாசல்படியைத் தாண்டாது. அங்கேயே உடைப்பேன், டெஸ் பார்த்தாலும் சரி.

நொயெலீன்


ஜிம்பி
6 ஜனவரி 1985

அன்புள்ள பெரில் அக்காவுக்கு,

டெஸ் கூப்பிடுவதுபோல் நானும் கூப்பிட்டுப் பார்க்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கப்பலில் அலை அதிகமா? முழங்கால் எப்படி? அதைவிட, மணிக்கட்டு எப்படி? நான் பிடித்த இடம் இன்னும் கன்றியிருந்தால் அதற்கும் ஒத்தடம் கொடுங்கள்.

ரயிலடியில் உங்கள் பெட்டியைத் தூக்கியபோதே உள்ளே பாட்டில் உருண்டது. டெஸ் பக்கத்தில் நின்றதால் வாயை மூடிக்கொண்டேன். கிறிஸ்துமஸ் வரும்வரை நான் உங்களோடு சரியாகப் பேசவில்லை. அன்று காலை நீங்கள் சமையலறையில் சாற்றையும் சர்க்கரைத் தோலையும் கலந்து, புதினாவைக் கசக்கிப் போட்டு, பாட்டிலைக் கவிழ்த்தபோது உங்கள் மணிக்கட்டை எட்டிப் பிடித்தேன். அப்படி ஒரு பிடி நான் யாரையும் பிடித்ததில்லை. "முதல்ல மோந்து பாருடி. அப்புறம் அடி" என்றீர்கள். மோந்து பார்த்தேன். ரோஸ்மேரியும் எலுமிச்சைத் தோலும் போட்டுக் கொதிக்க வைத்து ஆறின தண்ணீர். ஜின்னை ஹோபார்ட்டிலேயே பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டேன், பூனை மட்டும் பார்த்தது என்றீர்கள். எனக்கு உங்கள் காலில் விழலாம்போல் இருந்தது. ஹாம் அடுப்பில் இருந்ததால் விழவில்லை.

அன்று நான் பார்த்ததைத்தான் எழுத வந்தேன். எல்லோரும் உட்கார்ந்தாகிவிட்டது, டெஸ் மட்டும் மேஜைக்கு வராமல் எலுமிச்சை மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். நீங்கள் ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டு அவரிடம் போனீர்கள். நான் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கை நீளவே இல்லை. நீங்கள் கிளாஸை அவர் மூக்குக்குக் கீழே பிடித்தீர்கள். அப்புறம் ஏதோ சொன்னீர்கள். அவர் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அக்கா. முதுகு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். நான் இங்கே தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன சொன்னீர்கள் என்று கேட்டால் இரண்டு பேருமே சொல்லமாட்டேன் என்கிறீர்கள்.

கிளாரியை வீட்டில் விட நான்தான் போனேன். ஆள் வண்டியில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பாடிக்கொண்டே வந்தார். "இந்த வருஷம் பெரில் கை ரொம்பத் தாராளம்மா. நாலே கிளாஸ், ஊரே சுத்துது. ஆனா ஒண்ணு, டெஸ் பழைய டெஸ்ஸா ஆயிட்டான். எனக்கு அது போதும்" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்கக் கன்னம் வலித்தது.

குழந்தை உங்கள் கண்ணாடியைக் கடித்ததற்கு ஷரின் மன்னிப்புக் கேட்கிறாள்.

உங்கள்,
நொயெலீன்


ஜிம்பி
3 மார்ச் 1985

அன்புள்ள அக்கா,

எனக்கு எழுத வராது என்று நொயெலீன் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். இதோ எழுதுகிறேன். நான் சுகம். நீ சுகமா?

கிளாரியிடம் நானே சொல்லிவிட்டேன். கிளப்புக்குப் போய், எல்லோர் முன்னாலும், டீ போதும்டா என்றேன். காரணத்தையும் சொன்னேன், தள்ளுவண்டியைப் பற்றியும் சொன்னேன். கிளாரி தன் கிளாஸைக் கீழே வைத்தான். பிறகு, "அப்ப கிறிஸ்துமஸ் அன்னிக்கு எனக்கு எப்படிடா ஏறிச்சு?" என்றான். உன்மேல் பயங்கரக் கோபத்தில் இருக்கிறான். அடுத்த கிறிஸ்துமஸுக்கு உனக்குப் பக்கத்தில் உட்காரவேண்டும் என்கிறான்.

நீ விட்டுப்போன ரோஸ்மேரிக் குச்சியை நொயெலீன் வேலியோரத்தில் அதே இடத்தில் நட்டாள். அவளாகவே நட்டாள், நான் கேட்கவில்லை. பிடித்துக்கொண்டது.

பின்பக்கம் மறுபடி நாற்காலி போட்டிருக்கிறேன். சாயங்காலம் ஒரு பெரிய குவளை டீயோடு உட்காருகிறேன். மரத்தடியில் அன்று நீ என் காதில் சொன்னாயே, "டீ குடிச்சாலும் வரும்டா முட்டாள். மரத்துக்கு என்ன தெரியப்போவுது" என்று. அதைத்தான் தவறாமல் செய்துகொண்டிருக்கிறேன். மஞ்சள் இலையெல்லாம் உதிர்ந்துவிட்டது. இந்த வாரம் உச்சிக் கிளை வரைக்கும் புதுத் தளிர். டப்பாக்களைக் கழுவி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. நான் குளிக்கப் போகமாட்டேன்.

டெஸ்